மூன்றாவது மாடியில் அத்தான்

அத்தானின் படத்தை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அக்கா போனில் சொன்னபோது, தஞ்சோங் கிளிங்கில் நான் வேலை செய்யும் ஓட்டலின் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். டிரையர் சத்தத்தில் முதலில் சரியாகக் கேட்கவில்லை. மலாக்காவில் மியூசியத்துக்குப் பஞ்சமே கிடையாது. பட்டத்துக்கு ஒன்று, தபால்தலைக்கு ஒன்று, அழகுக்குக்கூட ஒன்று இருக்கிறது. அத்தானை எதில் சேர்த்தார்கள் என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டாள்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். இப்போது அவள் உம்பாயில், நான் தஞ்சோங் கிளிங்கில். இரண்டுக்கும் நடுவில்தான் அத்தான் ஜாகாவாக, அதாவது வாசல் காவல்காரராக, வேலை பார்க்கும் கட்டடம் இருக்கிறது. அவர் இருபது வருஷமாக வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையை மூடியதும் இந்த வேலைக்கு வந்தார். நான்கு மாடி ஆபீஸ். தண்ணீர் பம்பு விற்கிற கம்பெனி. முதலாளிக்குப் படமும் சிலையும் வாங்கிச் சேர்க்கிற பைத்தியம். வீட்டில் இனி ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அவருடைய மனைவி சொல்லிவிட்டதாகக் கேள்வி. அதனால் எல்லாவற்றையும் ஆபீசுக்குக் கொண்டுவந்து, மேசைகளுக்கு நடுவிலும் லிஃப்டுக்கு எதிரிலும் வைத்து, வாசலில் 'நவீன கலை மியூசியம்' என்று பலகை மாட்டிவிட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்த நேரத்தில் வேலைக்குப் போகாதவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் கோபம் அடுத்த நாளே ஆறிவிட்டது. என்னிடம் கார் இருக்கிறது, அவளிடம் இல்லை. போனில் முழுக் கதையும் சொன்னாள். பினாங்குக்காரப் பெண் ஒருத்தியை, கலைஞராம், சில மாதம் அந்தக் கட்டடத்திலேயே ஒரு அறை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மொட்டைத் தலை, ஒரு காதில் மட்டும் தோடு, ஆனால் நல்ல மரியாதையான பிள்ளை என்று அத்தான் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அவள் அத்தானிடம் வந்து, உங்களை வைத்து ஒன்று செய்ய வேண்டும் அங்கிள், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், எப்போதும் போல இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறாள். எதுவும் செய்யாமல் இருப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அத்தானும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலை முடிந்ததும் அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து, ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று கண் கலங்கினாளாம்.

கண் கலங்கினாள் என்ற இடத்தில்தான் அக்கா முடிவு கட்டியிருக்க வேண்டும். ஆளுயர எண்ணெய் ஓவியம், தங்கச் சட்டம், கீழே பெயர்ப் பலகை. மாதா கோயில் மாதர் குழுவில் பாதிப் பேருக்குச் சொல்லியும் விட்டாள். அத்தானோ மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. கவுண்டரை விட்டு நகர முடியாது, வேலை முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். அக்கா பார்த்து வந்து சொன்னால் போதுமாம்.

ஒரு வியாழக்கிழமை ஷிப்டு மாற்றிக்கொண்டு உம்பாய் போனேன். அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் நின்றாள். தலையில் மல்லிகை. ஆபீஸ்தானே, இவ்வளவு எதற்கு என்றேன். புருஷன் சுவரில் தொங்கும்போது பெண்டாட்டி கைலியில் போக முடியுமா என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினாள். டவுனுக்குள் நுழைந்ததும், சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு பாட்டு அலற ஊர்கிற ரிக்‌ஷாக்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் போனது. அதற்குள் மல்லிகை வாடத் தொடங்கிவிட்டது, அக்காவும்தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் எதிரே கவுண்டரில் அத்தான். நீலச் சட்டை, தோளில் பட்டை, தொப்பி. பக்கத்தில் அவருடைய சூப்பர்வைசர், ஒரு மலாய்க்காரர், அன்றைக்கென்று பார்த்து ஏதோ விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஆகவே அத்தானுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியாமல் போய்விட்டது. "செலாமாட் பாகி, புவான்" என்று, முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணுக்குக் காலை வணக்கம் சொல்லி, ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டார்.

அக்கா கைப்பையைத் திறந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "என் ஐசி உங்ககிட்டதானே இருக்கு. நேத்து கிளினிக்ல நம்பர் எடுக்க வாங்கிட்டுப் போனீங்க" என்றாள்.

அத்தான் சூப்பர்வைசரை ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் தன்னுடைய பர்ஸை எடுத்து, அதிலிருந்து அக்காவின் ஐசியை உருவி, முகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு டிராயரில் போட்டுப் பூட்டினார். சூப்பர்வைசர் பாரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வருகைப் புத்தகத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் அக்கா 'சுவாமி' என்று எழுதினாள். மலாயில் கணவன் என்று அர்த்தம். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, அடித்துவிட்டு மியூசியம் என்று எழுதச் சொன்னார்.

எங்களை அழைத்துப் போக ஒரு மலாய்ப் பெண் வந்தாள். காலையில் ஊழியர்களின் லீவு பாரங்களைப் பார்ப்பவள், பத்து மணிக்கு மேல் மியூசியத்துக்காரி. யாருடைய லீவு என்றாலும் பத்துக்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எதையும் தொடக் கூடாது, வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்பதுதான் விதி.

முதல் மாடியில் விற்பனைப் பகுதி. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் படம். நடுவில் வட்டமாக இன்னும் கொஞ்சம் கறுப்பு. பிரபஞ்சம் தொடங்கிய நொடியைப் பற்றியது என்று அட்டை சொன்னது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குக் கருகின தோசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோசைக்குக் கீழே ஒருவர் போனில், அலோர் காஜாவில் நின்றுபோன லாரியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். பிரபஞ்சத்தைப் பார்க்க அவர் தலைக்கு மேல் நாங்கள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கத்துவதை நிறுத்தாமலே நாற்காலியோடு உருண்டு வழி விட்டார். பழகிப்போயிருக்கும்.

இரண்டாவது மாடியில் தரையிலிருந்து கூரைவரை வெள்ளைத் துணி மடித்து அடுக்கியிருந்தது. இல்லாமல் போனவர்களின் நினைவாம். எனக்கு அட்டையைப் படிப்பதற்கு முன்பே மூலைகள் கண்ணில் பட்டுவிட்டன. ஒரு மூலைகூட இன்னொன்றோடு சேரவில்லை. எங்கள் லாண்டரியில் இப்படி மடித்தால் பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வார்கள். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் நோட்டுப் புத்தகத்தில் 'பார்வையாளர் கருத்து' என்று எழுதிக்கொண்டாள். நியாயமான மனுஷி.

அதே மாடியில், சிவப்பு நியானில் பெரிய கேள்விக்குறி ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. அதற்கு நேர் கீழே ஒரு தமிழ்ப் பெண்ணின் மேசை. நாற்பது வயதிருக்கும். கடற்கரையில் நட்டு வைக்கிற பெரிய குடை ஒன்றை நாற்காலிக்குப் பின்னால் கட்டி, அதன் நிழலில் உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா நின்று, கண் வலிக்கவில்லையா என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா என்னக் கேள்வி கேட்டுக்கிட்டேதான் இருக்கு, அக்கா" என்றாள் அவள். "என்ன கேள்வின்னுதான் இன்னும் சொல்லல."

அக்கா யார் என்று நான் சொன்னதும் அந்தப் பெண் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். அக்காவின் பட்டுச்சேலையை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், மியூசியப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பகல் சாப்பாட்டுக்கு மேலே வருவேன், அப்போது பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவோ அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

மியூசியத்திலேயே விலை உயர்ந்த ஓவியம் மீட்டிங் அறைக்குள் இருந்தது. உள்ளே மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தோம். உள்ளே இருந்த எட்டு ஆண்களுக்கும் பின்னால்தான் ஓவியம். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் தங்களையே உற்றுப் பார்க்கிறாள் என்று நினைத்து ஒருவர் டையைச் சரிசெய்தார், இன்னொருவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அக்கா அவர்களுக்குப் பொதுவாகத் தலையசைத்தாள். எட்டுப் பேரும் பதிலுக்குத் தலையசைத்தார்கள். ஓவியத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாவது மாடிக்குப் போனோம். முன்பு ஸ்டோராக இருந்த அறையாம். கறுப்புத் திரை, உள்ளே இருட்டு, நல்ல ஏர்கான், நீள நீளமான பெஞ்சுகள். வாசல் அட்டையில் மூன்று மொழியில் தலைப்பு. தமிழில் 'காவல்' என்று இருந்தது. அக்கா அதை விரலால் தடவினாள். தொடக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லவில்லை.

ஓவியம் இல்லை, வீடியோ. சுவர் முழுக்க அத்தான். முகமே ஒரு ஆள் உயரம் இருந்தது. நாங்கள் போன நேரம் அப்போதுதான் முதலிலிருந்து தொடங்கியது. கவுண்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஐசிக்குப் படம் எடுக்கிறபோது வைத்துக்கொள்கிற முகத்தோடு நேரே பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் பெருமை தெரிந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே போனது. பிறகு அவருடைய இமை இறங்கியது, ஏறியது. மறுபடி இறங்கியது. தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. தொப்பி உருண்டு கீழே விழுந்தது. வாய் திறந்தது.

அப்புறம் சத்தம் வந்தது. அறையின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர். பம்பு கம்பெனி என்பதால் சொல்லவில்லை. உண்மையிலேயே சேற்றுத் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறுகிற பம்பு போலத்தான் இருந்தது. இழுத்து, நின்று, யோசித்து, மறுபடி இழுத்தது. பெஞ்சு லேசாக அதிர்ந்தது.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தான் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அக்கா குறட்டை விடுகிறாள், பக்கத்தில் மனுஷன் படுக்க முடியவில்லை என்றார். தனக்கோ கோழித் தூக்கம், ஊசி விழுந்தால்கூட விழித்துவிடுவாராம். ஹாலில் டிவியைப் போட்டுவிட்டுப் படுப்பார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுப்பாள். பிள்ளைகள் ஜொகூரில். உண்மை தெரிந்த சாட்சி யாரும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அத்தான் அக்காவின் குறட்டையை எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அடுத்த பிறந்தநாளுக்குக் குறட்டையை நிறுத்தும் தலையணை என்று ஒன்றை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கோயில் மாதர் குழு வருஷா வருஷம் வடக்கே இரண்டு இரவு யாத்திரை போகும், ஒரு அறையில் நான்கு பேர் படுப்பார்கள். அந்த வருஷத்திலிருந்து அக்கா போவதை நிறுத்திவிட்டாள். முழங்கால் வலி என்றாள். நாங்களும் நம்பினோம்.

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்பது அந்த இருட்டில் அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

திரையில் ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. கூரியர்காரன் வந்து, அத்தானைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைத் தானே திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். ஒரு பெண் அவருடைய முழங்கைக்கு அடியிலிருந்த சாவியை மெல்ல உருவினாள். குடைக்காரப் பெண் வந்து, கை பட்டு விழாமல் இருக்கக் காப்பிக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். கடைசியில் வெள்ளைச் சட்டை போட்ட வயதான ஒருவர் வந்து, குனிந்து தொப்பியை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்து, நுனிக்காலில் நடந்து லிஃப்டுக்குப் போனார். அவர்தான் முதலாளி என்று மியூசியப் பெண் காதில் சொன்னாள். ஜாகா தூங்கியதற்கு வேலையை விட்டு நீக்க வேண்டும்தான், ஆனால் அவரே பார்த்துப் பாராட்டி வாங்கிய படைப்பாகிவிட்டது, என்ன செய்வது என்றாள்.

ஒரு மணி அடித்ததும் திரையை விலக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கையில் நாசி லெமாக் பொட்டலம், தண்ணீர் பாட்டில். பத்துப் பேர் இருப்பார்கள். சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு பெஞ்சில் சாய்ந்தார்கள். குடைக்காரப் பெண் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். கட்டடத்திலேயே எல்லோருக்கும் பிடித்தது இதுதானாம். அத்தானின் குறட்டையைக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தூக்கம் வந்துவிடுகிறதாம். சாப்பாட்டு நேரத்தில் இடம் பிடிக்க ஓடி வர வேண்டியிருக்கிறதாம். "அண்ணனுக்கு நாங்க சொல்லல. வருத்தப்படுவாரு லா" என்றாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது, மறுபடி பார்த்தாள். சுற்றிலும் பம்பு கம்பெனி தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவள் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இருந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது தடவை தொப்பி விழுந்தபோது அவள் தோளும் குலுங்கத் தொடங்கிவிட்டது. தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவர் தூக்கத்திலேயே "உஷ்" என்றார். சிரித்து முடித்த பிறகு நான் அவளிடம் தலையணைக்காக மன்னிப்புக் கேட்டேன். அது கழுத்து வலிக்கு நன்றாக இருக்கிறது, திருப்பிக் கேட்காதே என்றாள்.

கீழே இறங்கினோம். சூப்பர்வைசர் போயிருந்தார். அத்தான் கவுண்டருக்கு மேல் எட்டி, எப்படி இருந்தது என்று கேட்டார். ஸ்கூல் பிள்ளை ரிப்போர்ட் புத்தகத்தை நீட்டுகிற முகம்.

அக்கா ஐசியை வாங்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நல்லா இருந்துச்சுங்க" என்றாள். "படத்த விட சத்தம்தான் ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. மறுநாள் யாரிடமோ கெஞ்சி, கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே ஏறியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதலில் சாப்பிட்டாராம். கை கழுவிய பிறகு, படம் தன்னுடையதுதான், சத்தத்தை வேறு யாரிடமிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டார்கள் என்றார். கம்ப்யூட்டரில் இப்போது எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். அக்கா என்னைக் கூப்பிட்டாள், நான் மியூசியப் பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் மொட்டைத் தலைக் கலைஞரைக் கேட்டாள். பதில் இரண்டு நாளில் வந்தது. ஒரு நொடிகூட மாற்றவில்லை, அங்கிளின் மூச்சு அப்படியே இருக்கிறது, அதுதான் அந்தப் படைப்பின் உயிர் என்று எழுதியிருந்தாள். அதை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். உயிர் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. வழக்கை வாபஸ் வாங்கினார். கிறிஸ்துமஸில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று அக்காவிடம் ஒரு தடவை, டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார் என்பதால் அக்கா அதை ஏற்றுக்கொண்டாள்.

அந்த வருஷ யாத்திரைக்கு அவள் பெயர் கொடுத்தாள். நான்தான் காரில் கோயில் வாசலில் இறக்கிவிட்டேன், மூன்றாம் நாள் நான்தான் கூட்டிவரப் போனேன். பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தவள், நான் கேட்காமலே, அறையில் இருந்த மூன்று பேரிடமும் காலையில் விசாரித்ததாகச் சொன்னாள். ஆமாம், நீயும்தான் குறட்டை விட்டாய் என்றார்களாம். நால்வரில் மூன்று பேர் விட்டார்களாம். விடாத ஒருத்தி இரண்டு இரவும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே விழித்திருந்தாளாம், அதற்குத்தானே வந்தேன் என்றாளாம். இதைச் சொல்லி, தஞ்சோங் கிளிங் வந்து சேர்கிறவரை அக்கா சிரித்தாள். என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, அடுத்த வருஷமும் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

சில மாதம் கழித்து மியூசியப் பெண் ஒரு பாரத்தோடு கவுண்டருக்கு வந்தாள். 'காவல்' படைப்பை ஜப்பானில் ஒரு கண்காட்சிக்குக் கேட்கிறார்கள், நடித்தவரின் சம்மதம் வேண்டும். நான் நடிக்கவில்லையே என்று அத்தான் சொன்னார். அதனால்தான் கேட்கிறார்கள் என்றாள் அவள். தானும் போக வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்றாள். அத்தான் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். அங்கே உள்ளவர்களுக்குத் தன்னை யாரென்று தெரியாது, அதுவரை நல்லது என்று அக்காவிடம் சொன்னார். சாட்சிக் கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது. அக்கா போட்டாள்.

போன வாரம் ஓட்டலுக்கு வந்த ஒரு குழு ஜப்பானிலிருந்து வந்தது என்று லாண்டரியில் சொன்னார்கள். அத்தானைப் பார்த்திருப்பார்களா என்று கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. அவர்களுடைய விரிப்புகளை மூலை சேர்த்து மடித்து அனுப்பிவைத்தேன்.